சின்னத்தாய் வீட்டு டோக்கன் வேலை

எனக்கு எழுத்து நேராக வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. பெயர்களும் மாதங்களும் மறந்து மறந்து போகின்றன. சொன்னதையே திரும்பச் சொல்லியிருந்தால் வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் லேனில் வாசிகசாலை நடத்துகிற பிள்ளை ஒருத்தி, வேலை செய்து ஓய்ந்த ஆட்களிடம் அனுபவம் எழுதி வாங்குகிறாள். நான் செய்த வேலைகளைச் சொன்னேன். பெட்டி ஒட்டினேன், சோற்றுப் பார்சல் கட்டினேன், சின்னத்தாய் வீட்டில் டோக்கன் கொடுத்தேன். "பெட்டியும் பார்சலும் இருக்கட்டும் அன்ரி, அந்த டோக்கனை எழுதுங்கோ" என்றாள். அவளிடம் வருகிற பதினாலு, பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு விசேஷ சக்தி உள்ளவர்களின் கதை என்றால் உயிராம். எனக்கும் ஒரு புத்தகம் தந்தாள். எழுத்துக் கூட்டி வாசித்தேன். அதில் ஒரு பெடியன் பறக்கிறான், சுவருக்குள்ளால் போகிறான். அவனைப் பார்க்க வருகிற சனத்தை யார் கியூவில் நிறுத்துகிறார்கள் என்று ஒரு பக்கத்திலும் இல்லை. சக்தி இருந்த வீட்டில் வேலை செய்தவள் என்றபடியால் எனக்கு அது பெரிய குறையாகப் பட்டது.

1. முதல் நாள்

சின்னத்தாய்க்கு அப்போது பதினைந்து வயது. சொந்தப் பெயர் தர்ஷினி. தகப்பன் இல்லை. தாய் குவைத்தில் வீட்டு வேலை. பிள்ளை வெள்ளவத்தையில் தாய்மாமன் நேசனின் ஃபிளாட்டில், மாமா மாமியோடு வளர்ந்தாள். நேசன் தம்பி காலி வீதி என்கிற பெருந்தெருவில் ஃபோன் கவர் விற்றுக்கொண்டிருந்தார்.

சக்தி வந்த விதம் இப்படி. ஒரு காலை தர்ஷினி பக்கத்து வீட்டு அங்கிளிடம், "இண்டைக்கு லிஃப்டில போகாதேங்கோ" என்றாள். அவர் போனார். லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது. கதவைத் திறந்து எடுத்தபோது அவர் சட்டை நனைந்து, ஞானம் பெற்று வெளியே வந்தார். அந்த லிஃப்ட் ஒரு கிழமையாகக் கடகடவென்று சத்தம் போட்டதும், தர்ஷினி அந்தக் கிழமை முழுக்கப் படியேறித்தான் திரிந்தாள் என்பதும் ஒருவருக்கும் முக்கியமாகத் தெரியவில்லை. பிறகு மேல்வீட்டுப் பெண்ணுக்கு ஆண் பிள்ளை என்றாள். ஆண்தான் பிறந்தது. இரண்டில் ஒன்று பிறக்கத்தானே வேண்டும்.

நேசன் தம்பி ஃபோன் கவரை விட்டுவிட்டு நகரத்தின் மறுகோடியில், கொட்டாஞ்சேனையில், ஒரு கீழ்வீடு எடுத்தார். அதுதான் அவருடைய மூளை. வெள்ளவத்தை ஆட்கள் வெள்ளவத்தையில் அருள்வாக்குக் கேட்கப் போகமாட்டார்கள், தெரிந்தவர்கள் கண்டுவிடுவார்கள். ஆகவே காரில் கொட்டாஞ்சேனைக்கு வருவார்கள். கொட்டாஞ்சேனை ஆட்கள் அதே காரணத்துக்காக வெள்ளவத்தையில் வேறொரு சாமியிடம் போவார்கள். வாக்குச் சொல்லுகிற செவ்வாயும் வெள்ளியும் இரண்டு பகுதியும் காலி வீதியில் எதிரெதிரே போய்க்கொண்டிருந்தன.

என்னை வேலைக்கு எடுத்ததற்குக் காரணம் என் கூச்சம்.

"அக்கா, உங்களுக்குக் கதைக்கத் தெரியாது. அதுதான் எனக்கு வேணும்" என்றார் நேசன் தம்பி.

இத்தனை வயதில் என் கூச்சத்தை யாரோ ஒருவர் தகைமையாக எடுத்தது அந்த ஒரு முறைதான்.

2. நாலு நிறம்

வாசலில் பிளாஸ்டிக் கதிரை போட்டு நான் இருப்பேன். வருகிறவர்களிடம் ஒன்றும் கேட்கமாட்டேன். நான் கேட்காததாலேயே அவர்கள் சொல்லுவார்கள். செருப்புக் கழற்றும் நேரத்துக்குள் மகளின் குழப்பம், மருமகனின் குடி எல்லாம் வந்து விழும். சிங்கள நோனாமார் வந்தால் "நம்பர் எக்க கன்ன, நோனா" என்று, அதாவது நம்பரை எடுங்கோ அம்மா என்று, டோக்கனை நீட்டுவேன். அவர்களும் நின்ற நிலையில் குடும்ப வழக்கைச் சொல்லி முடிப்பார்கள்.

டோக்கன் நாலு நிறம். சிவப்பு, நோய் வருத்தத்துக்கு. மஞ்சள், கலியாணத்துக்கு. நீலம், வெளிநாட்டுக்கு. பச்சை, காணிக்கும் கோர்ட்டுக்கும். கேட்டதைக் கொண்டு நிறத்தைப் பார்த்துக் கொடுப்பதுதான் என் வேலை. அவர்கள் உள்ளே போய் அதைத் தாம்பாளத்தில் வைக்க வேண்டும். தர்ஷினி சிவப்புப் பட்டுப் பாவாடையோடு உட்கார்ந்து, அரைக்கண்ணால் நிறத்தைப் பார்ப்பாள்.

"கடல் தாண்டிக் கேக்க வந்திருக்கிறாய்" என்பாள்.

வந்தவர் அழுது விழுவார். தான் வாசலில் எனக்குச் சொன்ன கதை என்பது அவருக்கு நினைவிலேயே இராது. கூச்சக்காரிக்குச் சொன்னது கதவுக்குச் சொன்ன மாதிரி.

அவளுக்கு உண்மையாகக் கலை வந்ததா, அதாவது அம்மாள் அவளில் இறங்கினாவா என்று இன்றைக்கும் என்னிடம் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. உடம்பு நடுங்கியதைக் கண்டிருக்கிறேன். ஏசியை நேசன் தம்பி அவளுடைய தலைக்கு நேரேதான் பூட்டியிருந்தார்.

3. பிழையாகச் சொல்லிப் பார்த்தது

சக்தி உள்ள பிள்ளைக்குச் சட்டங்கள் அதிகம். மீன் கூடாது. சிநேகிதி வீடு கூடாது. பாட்டுக் கேட்கக் கூடாது. செவ்வாய், வெள்ளி பள்ளிக்கூடம் இல்லை. மற்ற நாட்களில் போனால் வகுப்பில் பாதிப் பேர் அவளுக்குக் கிட்ட இருக்கப் பயந்தார்கள். மீதிப் பேர் சோதனையில் என்ன கேள்வி வரும் என்று கேட்டார்கள். கணக்கில் முப்பது எடுக்கிற பிள்ளையிடம்! ஒரு ரீச்சரும் தனியாகக் கூப்பிட்டுத் தன் இடமாற்றத்தைப் பற்றிக் கேட்டாவாம்.

ஒரு நாள் மத்தியானம் சோறு தின்னும்போது கேட்டாள்.

"அன்ரி, பிழை பிழையாச் சொன்னா சனம் வராது தானே?"

"அப்பிடித்தான் இருக்க வேணும் பிள்ளை" என்றேன். எனக்கு அந்தத் தொழிலில் அனுபவம் காணாது.

பம்பலப்பிட்டியிலிருந்து வந்த ஒருவருக்கு "விசா கிடையாது" என்று முகத்தில் அடித்த மாதிரிச் சொன்னாள். கிடைத்துவிட்டது. மனுஷன் பழத்தட்டோடு வந்து நின்றார். "தாய் கிடையாது எண்டு சொன்னபடியால்தான் பயந்துபோய் நேர்த்திக்கடன் வைச்சனான். இல்லாட்டி கையைக் கட்டிக்கொண்டு இருந்திருப்பன்" என்றார். அடுத்த கிழமை அவருடைய சொந்தக்காரர் எல்லோரும் வந்தார்கள்.

பிறகு நிறத்தை மாற்றிக் கொடுக்கச் சொன்னாள். கொடுத்தேன். மகளின் கலியாணம் கேட்டு வந்த தாய்க்கு நீலம் போனது. "கடல் தாண்டிக் கேக்கிறாய்" என்றாள் தர்ஷினி. "ஐயோ, கனடா மாப்பிள்ளையோ!" என்று அந்தத் தாய் சந்தோஷத்தில் தேங்காய் உடைத்தா. காணி வழக்குக்காரருக்குச் சிவப்புக் கொடுத்தேன். "வருத்தம் தெரியுது" என்றாள். "ஓம் ஓம், எதிராளிக்குச் சுகர் கூடிப்போச்சாம்" என்று அவர் கும்பிட்டார்.

"எனக்கு ஒண்டும் தெரியாது" என்று நேரே சொல்லியும் பார்த்தாள். "என்ன அடக்கம் பாத்தியளோ" என்றது கியூ.

4. ராணி

ராணி வெள்ளவத்தையில் பிளவுஸ் தைக்கிறவ. புருஷன் இல்லை, ஒரே மகன் சுதன். ஏஜென்சிக்காரனோடு வெளிநாடு போகிறேன் என்று புறப்பட்டவன், "நாளைக்குப் போட்டில ஏத்துறாங்களாம் அம்மா" என்று ஃபோனில் சொன்னது கடைசி. அதன் பிறகு சத்தம் இல்லை.

ராணிக்கு நீல டோக்கன் கொடுத்தேன். நேசன் தம்பி பழக்கிவைத்தபடி "வருவான்" என்று தர்ஷினி வாக்குச் சொன்னாள். அன்றிலிருந்து ராணி ஒவ்வொரு செவ்வாயும் வந்தா. வாக்கைத் திரும்பக் கேட்டுக்கொண்டு போய்த் தைப்பா. அவவுக்கு அது மருந்து மாதிரி.

ஒரு செவ்வாய் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டு என்னிடம் சொன்னா. காணாமல் போனவர்களைத் தேடிக் கொடுக்கிற ஆபீஸ் ஒன்று இருக்கிறதாம், அந்தக் கந்தோரிலிருந்து ஃபோன் வந்ததாம். ஒரு போட் கடலில் கவிழ்ந்து, பெயர் தெரியாமல் சிலரைப் புதைத்திருக்கிறார்களாம். தாயின் வாயில் பஞ்சால் தடவி எடுத்து அனுப்பினால் ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம்.

"எப்ப போறியள்?" என்று என்னையறியாமல் கேட்டுவிட்டேன்.

"நான் ஏன் போக? சின்னத்தாய் வருவான் எண்டு சொல்லிப்போட்டா. போனா, அவவை நம்பேல்லை எண்டெல்லோ ஆகும்."

மத்தியானம் இதைத் தர்ஷினியிடம் சொன்னேன். பிசைந்த சோறு அவள் கையில் இருந்தது.

"நான் சொன்னதாலயோ அன்ரி அவ போகாமல் இருக்கிறா?"

"ஓம் பிள்ளை."

சோற்றைத் திரும்பக் கோப்பையில் போட்டுவிட்டுக் கை கழுவப் போனாள். கதைப் புத்தகத்துப் பெடியன் ஒரு கையால் பஸ்ஸைத் தூக்குகிறான், ஒன்றும் ஆகவில்லை. இவள் ஒரு சொல்லைத் தூக்க முடியாமல் பைப்படியிலேயே நின்றாள்.

அடுத்த செவ்வாய் ராணி உள்ளே போனபோது தர்ஷினி கண்ணை முழுதாகத் திறந்தாள்.

"அன்ரி, நான் தர்ஷினி கதைக்கிறன். எனக்கு ஒரு சக்தியும் இல்லை. நீங்கள் அந்தக் கந்தோருக்குப் போங்கோ."

ராணி சிரித்துக்கொண்டு கும்பிட்டா. "என்னைச் சோதிக்கிறியள் தாயே. நான் அசையமாட்டன்."

அதைக் கேட்ட நேசன் தம்பி வெளியே கியூவுக்கு வந்து, "இண்டைக்கு சின்னத்தாய் பக்தியைச் சோதிக்கிறா, கவனமா இருங்கோ" என்று அறிவித்தார். சனம் எல்லாம் நிமிர்ந்து நின்றது.

ஆட்கள் போன பிறகு மருமகளைப் பிடித்தார்.

"அவ கேக்கிறது நிம்மதி. நாங்கள் அதைக் குடுக்கிறம். இதில உனக்கென்ன?"

"மாமா, அவவின்ர பொடியனைத் தேட வேணும்."

"தேடி, செத்துப்போனான் எண்டு வந்தா? வருவான் எண்ட எங்கட வாக்கு என்ன ஆகிறது? விசர்க் கதை கதையாதை."

என்னையும் ஒரு பார்வை பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். நிலம் பார்ப்பதில் எனக்கு நல்ல பயிற்சி.

5. அம்மாள் போன நாள்

அதற்கடுத்த செவ்வாய் தர்ஷினி என்னிடம், "முதல் ராணி அன்ரியை விடுங்கோ. அறை வாசல் திரைச்சீலையை ஒதுக்கிக் கட்டிவிடுங்கோ, கியூவில நிக்கிற ஆக்களுக்கும் தெரியட்டும்" என்றாள். கட்டிவிட்டேன். நேசன் தம்பி முன்பக்கத்தில் கார்க்காரர் ஒருவருக்கு இடம் காட்டிக்கொண்டிருந்தார்.

அன்று கரண்ட் இல்லை, ஏசி ஓடவில்லை. ஆனாலும் அவள் நடுங்கினாள்.

"எடியே ராணி!"

கியூ அடங்கிவிட்டது. அம்மாள் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவா.

"தாயே."

"என்ர சொல்லை மீறுவியோ?"

"உயிர் போனாலும் மீறமாட்டன் தாயே."

"அப்ப எழும்பு. நாளைக்கு விடிய அந்தக் கந்தோருக்குப் போ. கேக்கிறதைக் குடு. அவன் எங்க இருந்தாலும், எப்பிடி இருந்தாலும், தேடி எடுக்கிறது உன்ர வேலையடி. இஞ்ச வந்து குந்துறது இல்லை."

ராணி எழும்பிவிட்டா.

"இன்னொண்டு. இந்தப் பிள்ளையை விட்டு நான் போறன். இனி இவளிட்ட ஒருத்தரும் வரப்படாது."

கியூ முழுக்க ஒப்பாரி எழும்பியது. நேசன் தம்பி செருப்போடு உள்ளே ஓடி வந்தார்.

"அது அம்மாள் இல்லை! பிள்ளைக்குக் காய்ச்சல்!"

முன்னுக்கு நின்ற பெரியவர் ஒருவர் அவருடைய சட்டையைப் பிடித்தார். "என்ன தம்பி, அம்மாள் கதைக்கேக்க குறுக்க வாறீர்? செருப்பு வேற!"

பாவம், அந்தச் சனத்தைப் பழக்கியதே அவர்தான்.

அப்போது ஒரு பெண் கேட்டா: "தாயே, இனி ஆரில இறங்கப் போறியள்?"

இந்தக் கேள்விக்குத் தர்ஷினி ஆயத்தமாக வரவில்லை. அரைக்கண் அறையைச் சுற்றியது. நான் கட்டிவிட்ட திரைச்சீலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். விரல் நீண்டது. நேசன் தம்பியில் நின்றது.

சனம் அவருடைய காலில் விழுந்தது. இல்லை என்று சொன்னால் இவ்வளவு நாளும் நடந்ததும் இல்லை என்றாகும். அவர் வாயை மூடிக்கொண்டு பட்டு விரித்த பலகையில் உட்கார்ந்தார். ஆண் சாமி என்றபடியால் சனம் கொஞ்சம் கூடுதலாக எதிர்பார்த்தது. ஆடி மாதம் தீ மிதித்துக் காட்ட வேண்டும் என்று கியூவில் ஒரு குழு சேர்ந்து ஒழுங்கும் செய்தது. ஆடிக்கு முன்னமே அவர் மருதானையில் ஃபோன் கவர் விற்கத் தொடங்கிவிட்டார். என் வேலையும் அத்தோடு போனது.

6. வெள்ளவத்தையில் சாப்பாடு

ராணி கந்தோருக்குப் போனா. பஞ்சால் தடவிக் கொடுத்தா. நெடுநாள் கழித்துப் பதில் வந்தது. பெயர் இல்லாமல் புதைத்தவர்களில் சுதனும் ஒருவன்.

பதில் வந்த நாளிலிருந்து எண்ணி, முப்பத்தோராம் நாள் காரியச் சாப்பாட்டுக்குத் தர்ஷினியையும் என்னையும் வரச் சொல்லி அனுப்பியிருந்தா. ஏசுவா என்று பயந்துகொண்டுதான் போனோம். வாசலிலேயே அயல் பெண்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். "எல்லாம் தெரிஞ்சுதான் அண்டைக்கு அனுப்பினவ" என்று ஒருத்தி மற்றவளுக்குச் சொன்னது எனக்கும் கேட்டது. தர்ஷினிக்கும் கேட்டிருக்கும். என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

ராணி தானே வாழையிலை போட்டுப் பரிமாறினா.

"தர்ஷினி, கறி காணுமோ பிள்ளை?"

அவ அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

தர்ஷினி அழத் தொடங்கிவிட்டாள். "அன்ரி, சத்தியமா எனக்கு ஒண்டும் தெரியாது. வருவான் எண்டதும் தெரியாமத்தான் சொன்னனான். போகச் சொன்னதும் தெரியாமத்தான்."

"உனக்குத் தெரியாதெண்டு எனக்குத் தெரியும்" என்றா ராணி. "அண்டைக்கே தெரியும். நீ கண்ணைத் திறந்து, நான் தர்ஷினி எண்டு சொன்னனீ பார், அப்பவே தெரிஞ்சு போச்சு. ஆனா அம்மாள் சொன்னா எண்டாத்தானே என்ர கால் நடந்திருக்கும். சாப்பிடு."

தர்ஷினி சாப்பிட்டாள். நானும் சாப்பிட்டேன்.

அந்த வேலையில் நான் படித்தது இவ்வளவுதான். வாசலில் வந்து நிற்கிற அநேகம் பேருக்குப் பதில் முன்னமே தெரியும். அதைத் தாங்கள் சொல்லிப் பார்க்கப் பயம். அதனால் கியூவில் நின்று, ஓஎல் சோதனைக்குப் படிக்கிற ஒரு பிள்ளையின் வாயில் வைத்துவிட்டுப் போகிறார்கள். சக்தி வேண்டும் என்று ஆசைப்படுகிற பிள்ளைகள் இதையும் ஒருக்கால் யோசித்துக்கொள்ளட்டும்.

நான் எழுதியதில் பிழை இருக்கும். அந்தப் போட் கவிழ்ந்தது எந்தக் கடல், சுதனைப் புதைத்தது எந்த நாடு என்பதெல்லாம் எனக்குச் சரியாக நினைவில்லை. முறைமாறி எழுதியிருந்தால் வாசிகசாலைப் பிள்ளை யாரிடமாவது விசாரித்துத் திருத்தவும். தர்ஷினி இப்போது நன்றாகப் படிக்கிறாள், அவளிடம் கேட்கலாம். நேசன் தம்பியிடமும் கேட்கலாம், அவர் மறுத்தாலும் பரவாயில்லை. ராணியிடம் மட்டும் கேட்க வேண்டாம்.