பதினெட்டு வயதும் போடிங் சாப்பாடும்

இரவில் ஆட்டோ ஓட்டுகிறவனுக்குச் சம்பாத்தியம் குறைவு, கேட்கிற கதை அதிகம். பின்னால் ஏறுகிறவர்கள் எல்லாரும் வழக்காளிகள். முன்னால் இருக்கிற நான் முதுகைக் காட்டிக்கொண்டு தீர்ப்பு யோசிக்கிற நீதவான். ஊர் தூங்கும்போது விழித்திருந்து, ஊர் விழிக்கும்போது தூங்கப் பார்க்கும் என் இனத்தவர்களே, காவல்காரர்களே, பேக்கரிக்காரர்களே, ஆஸ்பத்திரித் தாதிமாரே, நான் சொல்லப்போவது உங்களுக்குத்தான் விளங்கும். பகல்காரர்களுக்கு இதற்கெல்லாம் பொறுமை கிடையாது.

மாதாந்த ஹயர்

கண்டி ஆஸ்பத்திரிப் பக்கம் இரவு முழுக்க ஓடிவிட்டு நான் வீட்டுக்குத் திரும்பும் முன் செய்கிற கடைசி ஹயர், அதாவது சவாரி, ஒன்று உண்டு. மாதத்தில் ஒரு காலை, மஹியாவையில் இருந்து நீதிமன்றத்துக்கு. ஏறுவது ராஜேஸ்வரி. பல்லேகலையில் தையல் பெக்டரியில் வேலை. புருஷன் சண்முகம் பிரிந்துபோய்ப் பல வருடம். மகள் திவ்யாவின் செலவுக்கென்று நீதிமன்றம் விதித்த தாபரிப்புக் காசை அவர் அங்கே கொண்டுவந்து கட்டுவார், இவர் கையெழுத்து வைத்து எடுப்பார்.

மற்ற நாளெல்லாம் பெக்டரிக்குப் பஸ்ஸில் நெரிபடுகிற மனுஷி இந்த ஒரு நாளைக்கு மட்டும் ஆட்டோ பிடிப்பார். வாங்குகிற காசில் ஒரு பங்கு எனக்கே போகிறதே என்று எனக்குத்தான் உறுத்தியது. நடந்தே போகலாமே தங்கச்சி, இறக்கம்தானே என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன். சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டே சொன்னார்:

"அந்தாளு முன்னால வேர்த்து விறுவிறுத்துப் போய் நிக்கச் சொல்றீங்களா அண்ணே? காசு கிடக்கட்டும், இந்த ஆட்டோவில எறங்குறதப் பார்த்துத்தான் அவருக்கு எரியணும்."

பிறந்தநாள் பரிசு

சண்முகத்தையும் எனக்குத் தெரியும். கட்டுகஸ்தோட்டையில் மரக்கறி மொத்த வியாபாரம். விடியும் முன் லொறி வராத நாட்களில் என் ஆட்டோவில் மூட்டை ஏற்றுவார். என் வண்டியில் புருஷன் ஏறிய இடத்தில் முட்டைக்கோவா மணம், பெண்சாதி ஏறிய இடத்தில் பவுடர் மணம். இரண்டுக்கும் நடுவில் என் பிழைப்பு.

திவ்யாவுக்குப் பதினெட்டு வயது முடிந்தது. மனுஷன் அதை ஒரு திருவிழா போல எதிர்பார்த்திருந்தார். இனிமேல் அந்தக் காசைத் தாய் தொடக்கூடாது, பிள்ளை நேரில் வந்து தன் கையால் வாங்கட்டும், இல்லையென்றால் நிறுத்துகிறேன் என்று ஆள் விட்டுச் சொல்லியனுப்பிவிட்டார். ஆள் வேறு யார், நான்தான். நியாயம் பேசினேன். மூட்டையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு கேட்டார்:

"நாட்டுக்கே ஆள் தெரிவு செய்ய அவளுக்கு வோட்டு குடுத்தாச்சு. அப்பன்கிட்ட காசு வாங்க மட்டும் அம்மா வேணுமா?"

இதை அப்படியே ராஜேஸ்வரியிடம் ஒப்பித்தேன். அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"பதினெட்டு முடிஞ்ச அன்னைக்கே அவ சோறு திங்கிறத நிப்பாட்டிட்டாளான்னு அவருகிட்ட கேட்டுட்டு வாங்க."

ஸ்டாண்டில் ஒரு விசாரணை

எங்கள் ஸ்டாண்டில் சட்டம் தெரியாத ஆளே கிடையாது. லைசென்ஸ் இல்லாதவன்கூட சட்டம் வைத்திருப்பான். நானும் பழைய பேப்பரில் சட்டப் பகுதியை விடாமல் வாசிக்கிறவன். வழக்கை எடுத்து வைத்தேன். ஒருவன் தாய்க்கு என்றான், ஒருவன் பிள்ளைக்கு என்றான், இன்னொருவன் இரண்டு பேருக்கும் கொடுக்காமல் பேங்கில் போடு என்றான். அவன் கல்யாணம் ஆகாதவன்.

முனாஸும் எங்களோடு ஸ்டாண்டில் ஓட்டுகிறவன். அவனுக்கு நாலும் பெண்பிள்ளைகள். வண்டிக் கண்ணாடியைத் துடைத்து முடித்த பிறகுதான் பேசினான்:

"எங்கட ஊட்டுல காசு என்ட கையிக்குத்தான் வருது மச்சான். அங்கயிருந்து எங்க போகுதெண்டு அல்லாவுக்குத்தான் தெரியும். கையப் பத்தி சண்டை புடிக்கிறவன் ஒரு நாளும் அடுப்பப் பாக்காதவன்."

லீக்ஸ்

சொன்னபடியே சண்முகம் காசை நிறுத்தினார், ராஜேஸ்வரி விட்டுக்கொடுக்காமல் நீதிமன்றத்தில் முறையிட்டார், வழக்கு அடுத்த தவணைக்குத் தள்ளிப்போனது. அதுவரைக்கும் காசு இல்லை. ஆனால் தான் கல்நெஞ்சன் இல்லை என்று காட்ட வேண்டுமே! சண்முகம் என் வண்டியில் ஒரு மூட்டை ஏற்றினார். மகளிடம் கொடு, மகளிடம் மட்டும் கொடு என்றார். பிரித்தால் வெங்காயத்தாள் மாதிரி நீட்டு நீட்டாக லீக்ஸ். அடுத்த வாரமும் லீக்ஸ். சந்தையில் அந்த வாரங்களில் லீக்ஸ் விலை விழுந்து கிடந்ததை நான் அறிவேன்.

அப்போது திவ்யா கம்ப்யூட்டர் டிப்ளோமா ஒன்றில் சேர்ந்திருந்தாள். அந்த மாதக் கட்டணம் கட்டாவிட்டால் பரீட்சைக்குப் பெயர் போகாது. வாசலில் மூட்டையைப் பார்த்தபடி நின்றவள், என்னிடம் மரியாதையாகத்தான் கேட்டாள்:

"மாமா, எங்க மிஸ் லீக்ஸ் எடுப்பாங்களான்னு தெரியல. நீங்க ஹயருக்கு எடுப்பீங்களா?"

இறங்குங்க மிஸ்

லோயர் அம்மா ஒருவர் விஷயத்தை உடைத்துச் சொன்னார். பதினெட்டு தாண்டினாலும் படிக்கிற பிள்ளை, தன்னால் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளை, தகப்பனிடம் கேட்கலாம். ஆனால் இனிப் பிள்ளையே தன் பெயரில் கேட்க வேண்டும். கேட்டாள். கிடைத்தது. முதல் காசைத் திவ்யா தன் கையெழுத்தில் எடுத்த அன்று தாயையும் மகளையும் நான்தான் ஏற்றி வந்தேன்.

பிள்ளைக்கு நியாய புத்தி. வழியிலேயே கணக்குப் பேசினாள். பேராதனையில் அவளுடைய கூட்டாளிகள் போடிங்கில் தங்கிப் படிக்கிறார்கள்; அறைக்கும் சாப்பாட்டுக்கும் அவர்கள் கட்டுகிற அதே காசை மாதாமாதம் அம்மாவுக்குத் தந்துவிடுவாளாம், மிச்சம் படிப்புக்காம். இதைவிட நேர்மையாக யார் பேசுவார்கள்? நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். கண்ணாடியில் ராஜேஸ்வரியின் முகத்தைப் பார்த்த நான், பிரேக்கில் கால் வைக்க வேண்டிய இடத்தில் வைக்க மறந்தேன்.

மஹியாவை வந்தது. தாய் வீட்டு வாசலில் இறங்கி, ஒதுங்கி நின்று, மகளுக்குக் கையால் வழி காட்டினார்.

"இறங்குங்க மிஸ். போடிங் வந்திருச்சு."

போடிங்

அதன் பிறகு இரண்டு அறையுள்ள அந்த வீட்டில் நிஜமாகவே போடிங் நடந்தது. ஏழு மணிக்குக் கதவு மூடப்படும். சோறு தட்டில் போட்டு மூடி வைக்கப்படும். இன்னொரு தரம் கேட்டால் கிடையாது. கருவாடு ஒரு துண்டு. உடுப்பை அவரவர் துவைத்துக்கொள்ள வேண்டும். தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிவிடுவது போடிங் சட்டத்தில் இல்லை. திவ்யாவை மழையில் வகுப்புக்கு ஏற்றிய நாட்களில் இதெல்லாம் எனக்குத் தவணை முறையில் வந்து சேர்ந்தது.

ஒரு தடவை அவளுக்குக் காய்ச்சல். மேசையில் பனடோல், சுடுதண்ணீர்ப் போத்தல், அவ்வளவுதான். தாய் உள்ளே எட்டியும் பார்க்கவில்லையாம். ஆனால் அதே வாரம் பஸ் நிற்கிற இடத்தில் ராஜேஸ்வரியைக் கண்டபோது கண் சிவந்து கிடந்தது. விசாரித்தேன். மகள் தூங்குகிற வரைக்கும் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தாராம். உள்ளே போயிருக்கலாமே என்றதற்கு, "காசு கட்டி இருக்கிற ஆளோட ரூமுக்குள்ள கேக்காம போறது மரியாதையா?" என்றார்.

நான் தனிக்கட்டை, எனக்குக் காசு கட்டவும் ஆளில்லை, என்னிடம் வாங்கவும் ஆளில்லை. அன்றைக்கு முதல் தடவையாக அதை ஒரு சௌகரியம் என்று நினைத்துப் பார்த்தேன். நினைப்பு அதிக நேரம் நிற்கவில்லை. அடுத்த நாள் காலை திவ்யா ஏறினாள். அவளிடம் முறைப்பாடு ஒன்றே ஒன்றுதான் இருந்தது:

"மாமா, அம்மா என்னைய ஏசவே மாட்டேங்கிறாங்க."

அடுத்த தவணை

அடுத்த மாதம் சண்முகம் இஸ்திரி போட்ட சேர்ட்டில் வந்திருந்தார். காசைக் கட்டிவிட்டு, மகள் கையெழுத்து வைத்து எடுத்து வரும்வரை நீதிமன்ற வாசலில் நின்றார். தாய் கையிலிருந்து காசைப் பிடுங்கி நேரே பிள்ளை கையில் போட்டால், பிள்ளையும் நேரே தன் பக்கம் வந்துவிடும் என்று மனுஷன் மரக்கறிக் கணக்குப் போட்டிருக்கிறார். திவ்யா சிரித்தாள், தலையாட்டினாள், தாய் உட்கார்ந்திருந்த என் வண்டியை நோக்கி நடந்தாள். அவர் அவளுக்கு முன்னால் ஓடிவந்து, என் காதில் புலம்பினார்:

"தேங்க்ஸ்னு சொல்றாப்பா. பேங்க்ல சிலிப் குடுக்கிறவன்கிட்ட சொல்ற மாதிரி, பெத்த அப்பன்கிட்ட தேங்க்ஸ்னு சொல்றா."

வழிவிடுங்கள் என்றேன்.

வண்டி கிளம்பியதும் திவ்யா காசைப் பிரிக்காமல், எண்ணாமல், தாயின் சாப்பாட்டுப் பைக்குள் முழுசாகத் திணித்தாள். ராஜேஸ்வரி முன்னால் பார்த்தபடி, "இது என்ன, அட்வான்ஸா?" என்று கேட்டார். "இல்ல. என்கிட்ட இருந்தா செலவாகும், நீங்களே வச்சுக் குடுங்க. கிளாசுக்கும் நீங்களே கட்டுங்க. ஏசணும்னா ஏசுங்க, இப்பிடி மட்டும் இருக்காதீங்கம்மா" என்றாள் பிள்ளை.

பிறகு தொடங்கியது பாருங்கள்! செருப்பைப் பற்றி, விடிய விடிய போன் நோண்டுவதைப் பற்றி, லீக்ஸைப் பற்றி, அப்பனுடைய இஸ்திரிச் சேர்ட்டைப் பற்றி, மஹியாவை ஏற்றம் முழுக்க என் எஞ்சினைவிடச் சத்தமாக ஏச்சு. திவ்யா அழுதுகொண்டே சிரித்தாள். வீட்டு வாசலில் நிறுத்தினேன். தாய் அவளுடைய பின்னலைக் கையில் தூக்கி என்னிடம் காட்டினார்:

"இந்தத் தலையப் பாருங்க அண்ணே, எண்ணெயக் கண்டு எத்தனை நாளாச்சோ! யாரோ போடிங்ல விட்டு வளத்த புள்ள மாதிரி!"

பதினெட்டு வயது பிள்ளைக்குச் சொன்ன நாளில் வந்துவிடுகிறது, பெற்றவர்களுக்குத்தான் தவணை தவணையாகத் தள்ளிப் போகிறது.