காலையில் நொண்டி, சாயங்காலம் ஓட்டம்

எனக்கு ஒன்பது வயதில் வந்த முழங்கால் வலியை அப்பா நம்பினார், அம்மா நம்பவில்லை. எல்லாம் கம்பெனி ஷிப்ட் செய்த வேலை. கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பி ஆலையில் அப்பாவுக்கு எப்போதும் நைட். பேக்கிங் கம்பெனியில் அம்மாவுக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட். நான் கண் விழிக்கும் முன்பே கம்பெனி பஸ் அவளை ஏற்றிக்கொண்டு போய்விடும்.

விடியும்போது முழங்கால் இரண்டும் விறைத்துக் கிடக்கும். வேலை முடிந்து வரும் அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் என்னைத் தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்குப் போவார். வெயில் ஏற ஏற வலி இளகும். சாயங்காலம் அம்மா பஸ்ஸிலிருந்து இறங்கும்போது நான் தெருவில் ஓடிக்கொண்டிருப்பேன். பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"காலைல நொண்டி, சாயங்காலம் ஓட்டமா? யார்கிட்டடி டிராமா போடுற?"

"புள்ள நெஜமாவே அழுவுதும்மே, நான் பாத்தேன்" என்பார் அப்பா.

"இன்னாத்த பாத்த? ஸ்கூலுக்கு மட்டம் போட உன்ன நல்லா மயக்கி வச்சுகினு இருக்கா."

ஞாயிற்றுக்கிழமை அவள் எதிரிலேயே நொண்டினால், பாத்திரம் கழுவப் பயந்து நடிக்கிறேன் என்பாள். அடேங்கப்பா, அவள் சந்தேகத்திடம் போலீஸே தோற்றது! எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

ஒருநாள் என்னைக் கையும் களவுமாகப் பிடிக்க முடிவு செய்தாள். வழக்கம்போல் சாப்பாட்டுப் பையோடு கிளம்பி, பஸ்ஸை விட்டுவிட்டு, பின்பக்கம் சுற்றி வந்து சமையலறை ஜன்னலில் நின்றாள். அப்பா வர நேரமிருந்தது. வீட்டில் யாரும் இல்லையென்று நினைத்து, நான் பாயிலிருந்து பாத்ரூம்வரை உட்கார்ந்தபடியே தேய்த்துக்கொண்டு போனேன். பாதி வழியில் முடியாமல் அழுதேன். கதவைத் திறந்து ஓடிவந்தவள், "ஐயோ, நான் பாவி" என்று என்னை வாரி எடுத்துக்கொண்டாள்.

அப்பாவும் அம்மாவும் என்னைக் கொண்டுபோன சென்னை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, இது குழந்தைகளுக்கு வரும் மூட்டுவாதம், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்குகிறது என்றார். ஆராய்ச்சிக்காக இன்னொரு டியூப் ரத்தம் கேட்டார்.

"எதுக்கு எக்ஸ்ட்ரா? வெளில வித்துடுவீங்களா?" அம்மா என் கையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் கோபப்படவில்லை. சூடோ நோயோ தாக்கும்போது உடம்பின் செல்கள் தம்மைக் காத்துக்கொள்ள ஒரு வகைப் புரதத்தை உண்டாக்குமாம், அதற்கு ஹீட் ஷாக் புரோட்டீன் என்று பெயராம். கிருமிகளிடமும் ஏறக்குறைய அதே சாயலில் ஒன்று இருப்பதால், சில பிள்ளைகளின் உடம்பு சொந்தப் புரதத்தையே கிருமி என்று நினைத்து அதற்கு எதிர்ப்பொருள் தயாரிக்கிறதாம்.

"அது கெடுதல் பண்ணுதா, ஒருவேளை நல்லது பண்ணுதான்னு இன்னும் முழுசா தெரியலம்மா. அதுக்குத்தான் பாக்கறோம்."

"காப்பாத்த வந்ததையேவா சந்தேகப்படும்?" என்றாள் அம்மா.

"ஏன், நம்ம ஊட்லயே நடக்கலியா?" என்றார் அப்பா. அம்மா முறைத்துவிட்டு, என் கையை டாக்டரிடம் நீட்டினாள்.

அதன்பிறகு அவள் ஷிப்டை மாற்றிக்கொண்டு காலையில் வீட்டில் இருந்தாள். நான் எழுந்ததும் தூக்கிக்கொண்டு போவாள், வெந்நீர் ஒத்தடம் கொடுப்பாள். மாத்திரை மெல்ல வேலை செய்தது. ஒரு காலை கண் விழித்தபோது முழங்கால் சுலபமாக மடங்கியது. வலியே இல்லை! எழுந்து குதிக்கப் போனேன். சமையலறையில் அம்மாவின் வளையல் சத்தம் கேட்டது. ஓடினால் பழைய சந்தேகம் திரும்ப வந்துவிடுமோ என்று பயமாகிவிட்டது.

சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நொண்டினேன்.

"வலிக்குதாடி கண்ணு?"

"ஆமாம்மா."

ஓடிவந்து தூக்கிக்கொண்டாள். என் வாழ்க்கையில் நான் முதல்முதலாக நடித்தது அன்றைக்குத்தான்.