அப்பாவுக்குக் கட்டி இல்லை
வடமதுரைப் பக்கம் எங்களுக்குத் தக்காளித் தோட்டம். அப்பாவுக்கு இடுப்பில் தொடங்கிய வலி காலுக்கு இறங்கி, நடையே தடுமாறியது. திண்டுக்கல்லில் ஸ்கேன் எடுத்தோம்.

"நரம்பை ஏதோ அழுத்துது. கட்டியா இருக்கலாம். ஆபரேஷன் பண்ணித்தான் சொல்ல முடியும்" என்றார் டாக்டர்.

அப்பா அதைப் புற்றுநோய் என்றே எடுத்துக்கொண்டார். "நான் கண்ண மூடுறதுக்குள்ள ஒன்னைய ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுத்துர்றேன் தாயி" என்று அழுதார். கல்லூரியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்த எனக்கு மறுக்க வாய் வரவில்லை. ஆபரேஷனுக்கு முந்தின வாரமே, ஒரு வார்த்தைகூடப் பேசியிராத செம்பட்டிக்காரர் எனக்குத் தாலி கட்டினார்.

ஆபரேஷன் முடிந்து டாக்டர் சிரித்துக்கொண்டே வந்தார். "கட்டியே இல்லம்மா. டிஸ்க் ஜவ்வு ஒடைஞ்சு, துண்டு நரம்புக்குப் பின்னால போயிருக்கு. அபூர்வமா இப்படி ஆகும், ஸ்கேன்ல கட்டி மாதிரியே தெரியும். எடுத்துட்டோம்."

அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். எதற்காக என்று இன்றுவரை எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில், நான் எழுதாமல் விட்ட பரீட்சை யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

இப்போது அப்பா தக்காளிக் கூடையைத் தானே தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வருகிறார்.

"இடுப்புல வலியே இல்ல தாயி. நீ நல்லாருக்கியா?"

"நல்லாருக்கேன்ப்பா."

அவர் இன்னொரு முறை கேட்பதற்குள் அடுப்படிக்குப் போய்விடுகிறேன்.