டிவி நிரப்பிய முகம்

ஆடி மாதம் எங்கள் வீட்டுக்குப் புது டிவி வந்தது. நாற்பத்து மூன்று இன்ச். அட்டைப்பெட்டியில் 'ஃபுல் ஹெச்.டி.' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பிறகென்ன... ஓடுவது ஹெச்.டி. படம்தான் என்று நம்பிவிட்டேன். நீங்களும் நம்பியிருப்பீர்கள்தானே?

மாட்டிவிட வந்தவர் சுவரில் நான்கு ஓட்டை போட்டார். பழைய செட்டாப் பாக்ஸில் கிடந்த சிவப்பு, வெள்ளை, மஞ்சள் வயர்களை அப்படியே புது டிவியின் முதுகில் செருகினார். கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். செய்தி வாசிக்கும் பெண்ணின் முகம் மட்டும் பூரி மாதிரி உப்பித் தெரிந்தது.

"பெரிய டிவில்லா... மூஞ்சியும் பெரிசாத்தான் இருக்கும்" என்றாள் என் மனைவி எஸ்தர். நானும் தலையாட்டினேன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவன் நான். வெளியில் சொல்லிவிடாதீர்கள்.

அந்த வாரம்தான் கோமதி வந்தாள்.

பக்கத்து வீடு. வீட்டிலேயே மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவள். நாற்பத்தேழு வயது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், ஒரு காலை நேரத்தில் அவள் கணவர் சண்முகவேல் "திருவேங்கடத்துல ஒரு துட்டி வீடு, போயிட்டு மத்தியானம் வந்துருதேன்" என்று சொல்லி டவுன் பஸ் ஏறினார். துக்க வீட்டுக்கு அவர் போய்ச் சேரவில்லை. திரும்பி வரவும் இல்லை. சண்டையில்லை, கடிதமில்லை. கூட வேலை பார்த்த விசைத்தறிக்காரர்கள் ஊர் ஊராகத் தேடினார்கள். போலீஸில் எழுதிக் கொடுத்தோம். அவ்வளவுதான். பஸ்ஸில் ஏறியதைப் பார்த்தவர்கள் உண்டு. இறங்கியதைப் பார்த்தவர் ஒருவருமில்லை.

கோமதி வாசலில் நின்றபடியே சொன்னாள்: "அண்ணாச்சி, ஒங்க பெரிய டிவில ஒரு தடவ பாக்கணும். அவுகளப் பாத்தேன்."

எஸ்தர் என்னைப் பார்த்தாள். நான் எஸ்தரைப் பார்த்தேன்.

அம்மன் தவமிருந்து சாமியின் காட்சி பெறும் ஆடித்தபசுத் திருவிழா முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. எங்கள் ஊரில் தபசுக் காட்சி முடிந்தாலும் உள்ளூர் கேபிள் சேனலில் முடியாது. ஒரு வாரத்துக்குத் தினமும் சாயங்காலம் நான்கு மணிக்கு மறு ஒளிபரப்பு உண்டு. தன் வீட்டுப் பழைய சின்ன டிவியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கூட்டத்துக்குள் அவர் நின்றாராம்.

நான்கு மணிக்கு மூன்று பேரும் உட்கார்ந்தோம்.

தெற்கு ரத வீதி. மாடியில் வைத்த கேமரா மெல்ல நகர்கிறது. ஆயிரம் தலைகள். கரண்ட் போஸ்ட் பக்கத்தில் ஒரு வெள்ளைச் சட்டை. "இந்தா..." என்றாள் கோமதி. இடது தோள் கொஞ்சம் சரிந்த ஆள். சண்முகவேலுக்கும் தறியில் நின்று நின்று இடது தோள் அப்படித்தான் சரிந்திருக்கும். அந்த ஆள் மெல்லத் திரும்பி, கேமரா பக்கம் முகத்தைக் காட்டினான்.

இரண்டு விநாடிதான்.

கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புக் குழி. வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு. அதுவும் நிலையாக இல்லை. கொதிக்கிற கஞ்சியின் மேல்பரப்பு மாதிரி அந்த முகம் அசைந்துகொண்டே இருந்தது.

"அவுகதான" என்றாள் கோமதி.

அந்த இரண்டு விநாடியில் எனக்குத் தெரிந்தது சண்முகவேல் அல்ல, என் அப்பா. அதே நெற்றி, அதே மோவாய். அவரை அடக்கம் செய்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

எஸ்தர் சட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டாள். கோமதி போனபிறகு அடுப்படியில் போய்க் கேட்டேன். கேஸ் அடுப்பைப் பற்றவைக்காமலே பால் பாத்திரத்தை ஏற்றி வைத்திருந்தாள்.

"எனக்கு எங்க பெரியண்ணன் மாதிரி தெரிஞ்சுதுங்க" என்றாள். பெரியண்ணன் லாரி விபத்தில் போனவர். பெட்டியைத் திறந்து முகம் காட்டாமலே அடக்கம் செய்தோம்.

என் அப்பாவைப் பற்றி அவளிடம் நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் நான்கு மணிக்குக் கோமதி மறுபடி வந்தாள். முகம் கழுவி, தலை சீவி, புதுப் பொட்டு வைத்திருந்தாள். டிவி பார்க்க வருகிற பெண் இப்படியா வருவாள்? வெளியூரிலிருந்து வரும் ஆளை பஸ் ஸ்டாண்டில் எதிர்கொள்ளப் போகிறவள் மாதிரி இருந்தாள். அந்த இரண்டு விநாடி வந்தது, போனது. கும்பிட்டுவிட்டு எழுந்து போனாள்.

மூன்றாம் நாள் அவள் டிவியிடம் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"எங்கன போனிய?" மெதுவாகத்தான் கேட்டாள். "மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கு. பத்திரிகையில என்னன்னு போடன்னு எல்லாரும் கேக்காவ. நீங்களே சொல்லுங்க."

அந்த முகம் அசைந்தது. வாய் திறந்து மூடியதுபோல எனக்குத் தோன்றியது. வெயில் நேரம், ஜன்னலெல்லாம் திறந்து கிடக்கிறது, தெருவில் தயிர்க்காரர் கூவுகிறார். ஆனாலும் என் முதுகு சில்லிட்டுவிட்டது.

பத்திரிகை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அவள் மகள் முத்துச்செல்வி நர்ஸ். ஆவணியில் கல்யாணம் முடிவாகியிருந்தது. அப்பா பெயருக்கு முன்னால் 'லேட்' போடச் சொல்லிக் கோமதியின் கொழுந்தன் ஒற்றைக் காலில் நின்றார். ஒன்பது வருஷம் ஆயிற்று, ஊர் உலகத்துக்கு ஒரு முடிவு வேண்டாமா என்பது அவர் கட்சி. 'லேட்' போட்டால் கோமதி பொட்டழிக்க வேண்டும். போடாவிட்டால், மணமேடையில் அப்பா எங்கே என்று சம்பந்தி வீட்டார் கேட்பார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பிரஸ்ஸில் சொல்லியாக வேண்டும்.

ஒரேயொரு சொல். அதைக் கேட்கத்தான் அவள் கண்ணில்லாத முகத்தின் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள்.

வியாழக்கிழமை நான் ஷாகுலுக்கு போன் போட்டேன். கடையநல்லூர்க்காரர். வளைகுடாவில் பத்து வருஷம் டிவி கடையில் இருந்துவிட்டு வந்து, இங்கே சர்வீஸ் செய்கிறார். "முகமெல்லாம் உப்பித் தெரியுது பாய்" என்று மட்டும் சொன்னேன். பயமாயிருக்கிறது என்று ஒரு ரிட்டயர்ட் வாத்தியார் எப்படிச் சொல்வான்?

மூன்றரைக்கு வந்தார். ரிமோட்டில் ஒரு பட்டனை அமுக்கினார். திரை மூலையில் 576 என்று ஒரு எண் வந்தது. சிரித்துவிட்டார்.

"சார், இது ஹெச்.டி.யே இல்ல. ஹெச்.டி.ன்னா இந்த எடத்துல 1080ன்னு வரணும். கீழ ஓடுத நியூஸ் எழுத்தப் பாருங்க, ஓரமெல்லாம் ஈரத்துல எழுதுன மாதிரி கசியுதுல்லா? மஞ்ச வயர்ல ஹெச்.டி. வராது. அதுக்கு ஹெச்.டி.எம்.ஐ. வயரு வேணும், ஹெச்.டி. பாக்ஸ் வேணும், சேனலும் ஹெச்.டி. சேனலா இருக்கணும், அதுக்குத் தனி நம்பர். இதுல ஒண்ணு கொறஞ்சாலும் போச்சு."

"டிவி ஃபுல் ஹெச்.டி.தான பாய்?"

"டிவில இருவது லட்சம் புள்ளி இருக்கு சார். ஒங்க பாக்ஸ் அனுப்புறது நாலு லட்சம்தான்."

"மீதி?"

"மீதிய டிவியே போட்டுக்கிடும். பக்கத்துல உள்ள புள்ளியப் பாத்து, இங்கன இதாத்தான் இருக்கும்னு ஒரு அனுமானம்."

அப்படியானால் அந்த முகத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் தெருவில் நின்ற மனிதனுடையது. மிச்சத்தை டிவி வரைந்திருக்கிறது. டிவி வரைந்தது போதாமல் ஆளுக்கொரு கையாக நாங்களும் வரைந்திருக்கிறோம்.

கோமதி விஷயத்தைச் சொன்னேன். ஷாகுல் சிரிப்பை நிறுத்திவிட்டார். "லோக்கல் சேனல் ஹெச்.டி. கெடையாது சார். வயர மாத்தியும் பிரயோஜனம் இல்ல. ஆனா அவங்க கேமரா நல்ல கேமரா. யூட்யூப்ல முழுசாப் போட்டிருப்பாங்க. இந்த டிவிலயே பாக்கலாம். பாக்கணுமா?"

எஸ்தர் என் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்தாள். "வேண்டாங்க. அவ பாட்டுக்குப் பாத்துட்டுப் போட்டும். இருக்குதயும் புடுங்கிராதிய."

எனக்கும் அதுதான் தோன்றியது. தெளிவு எல்லோருக்கும் நல்லதா என்ன? ஆனால் கோமதி அதற்குள் வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"மதினி, நாளைக்கு பிரஸ்ல சொல்லியாகணும்" என்றாள். "போடுங்க பாய்."

ஷாகுல் தேடி எடுத்தார். தெற்கு ரத வீதி வந்தது. முதலில் மங்கல்தான். "நெட்டு வேகத்துக்குத் தக்கன அதுவே கொறச்சிக்கிடும்" என்றபடி செட்டிங்கில் போய் 1080 என்பதை அமுக்கினார். திரையின் நடுவில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

பிறகு, கழுவி விட்டதுபோல தெரு தெளிந்தது.

போஸ்ட்டில் ஒட்டியிருந்த நோட்டீஸின் கிழிசல் தெரிந்தது. பக்கத்தில் நின்றவர் சட்டையில் வியர்வை படர்ந்தது தெரிந்தது. வெள்ளைச் சட்டை திரும்பினான். முப்பது வயது இருக்கும். அடர்த்தியான புருவம், கன்னத்தில் மச்சம், காதில் இயர்போன். யாரோ ஒரு ஆள். சண்முகவேல் இல்லை. பெரியண்ணன் இல்லை. என் அப்பாவின் சாயல் ஒரு துளி கூட இல்லை.

கோமதி அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. முன்னால் குனிந்தாள்.

"அந்தப் பொம்பள யாரு?"

"எந்தப் பொம்பள?"

"போஸ்ட்டுக்குப் பின்னால... முந்தானய முக்காடு போட்டிருக்கா பாருங்க. எல்லாரும் சாமி வார பக்கம் பாக்காவ. இவ மட்டும் ஆளுக மூஞ்சியப் பாத்துக்கிட்டு வாரா."

மூன்று நாளும் அந்த இடத்தில் நாங்கள் பார்த்தது சுவரில் ஈரம் படர்ந்தது மாதிரி ஒரு பழுப்புத் திட்டு. அதற்குள் இவ்வளவு நேரமும் ஒரு பெண் நின்றிருக்கிறாள். ஒட்டிய கன்னம். காதோரம் வெள்ளை முடி. ஒவ்வோர் ஆணின் முகமாகப் பார்த்துக்கொண்டு நகர்ந்தாள். வெள்ளைச் சட்டையையும் பார்த்தாள், ஒரு விநாடி கூடுதலாக. அவனை விட்டு அடுத்த முகம். அதற்கடுத்த முகம். பிறகு தலையை நிமிர்த்தி மாடியைப் பார்த்தாள். கேமராவை. நேராக எங்களை.

"என்னயவே பாக்கா அண்ணாச்சி." கோமதி சோபாவில் பின்னால் நகர்ந்தாள். "யாரு அவ? ஏன் இப்பிடிப் பாக்கா?"

ஷாகுல் பதறிப்போய் ரிமோட்டை அமுக்கினார். படம் நின்றது. இந்த முகம் கொதிக்கவில்லை, அசையவில்லை. இமைமுடி வரை தெளிவாக நின்று, சோபாவில் இருந்தவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எஸ்தர் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி... அது நீதான்."

தபசு அன்று கோமதியும் போயிருந்தாள். எல்லா வருஷமும் போவாள். சாமி பார்க்கப் போகிறாள் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாளோ என்னவோ.

எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனாள். திரையிலிருந்த வெள்ளை முடியில் விரலை வைத்தாள். அதே விரலைத் தன் காதோரம் கொண்டுபோனாள்.

"இம்புட்டு நரச்சிருச்சா? கண்ணாடில பொட்டு வைக்கித எடத்த மட்டுந்தான் மதினி நான் பாப்பேன்." கொஞ்ச நேரம் கழித்து, "ஒம்பது வருசமும் இப்பிடியா அலைஞ்சிருக்கேன்?" என்றாள். எங்களைக் கேட்டாளா, திரையில் நின்றவளைக் கேட்டாளா தெரியாது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள். எனக்குத்தான் அந்த அறையில் இருக்க முடியவில்லை. வெளியே வந்து தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெள்ளிக்கிழமை பிரஸ்ஸுக்கு என்னையும் வரச் சொன்னாள். கொழுந்தன் முன்னமே வந்து உட்கார்ந்திருந்தார்.

"என்ன மதினி, லேட் போட்டிரலாம்லா?"

"போனவுகன்னு போட எனக்கு மனசு இல்ல. இருக்காகன்னு போட எனக்குத் தெரியாது" என்றாள் கோமதி. அச்சகக்காரர் பக்கம் திரும்பினாள். "தெரிஞ்சத மட்டும் போடுங்க. கோமதி மகள் முத்துச்செல்வி."

"அப்பன் பேரு இல்லாத பத்திரிகையா? ஊர்ல என்ன சொல்லுவான்?"

"ஊருக்குத் தெரிஞ்சா ஊரு வந்து சொல்லட்டும். எழுதிக்கிடுதேன்."

கொழுந்தன் எழுந்து போய்விட்டார். பத்திரிகை அப்படித்தான் அச்சானது. சம்பந்தி வீட்டில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பயந்ததெல்லாம் நாங்கள்தான்.

தெரியாத இடத்தைத் தெரியாத இடமாகவே விட்டுவைக்க எவ்வளவு தைரியம் வேண்டியிருக்கிறது! அந்த டிவியால் அது முடியவில்லை. இயற்பியல் வாத்தியாராலும் முடியவில்லை. நீங்கள் ஒரு தடவை உங்கள் டிவியின் முதுகைப் பார்த்துவிடுங்கள். மஞ்சள் வயர் இருந்தால் கழற்றிவிடுங்கள்... மனசு தயாராக இருந்தால்.

போன வாரம் கல்யாணம் முடிந்தது. கொழுந்தன் முகூர்த்தத்துக்கு வந்து, பந்தியில் நின்று பரிமாறவும் செய்தார். கோமதி பொட்டோடுதான் நின்றாள். நரையை மறைக்க மையும் பூசவில்லை. வழக்கமாக வீடியோ எடுக்கிறவரைக் கண்டால் சமையல் கட்டுக்குள் புகுந்துகொள்கிறவள், அன்று தானாக அவர் முன்னால் போய் நின்றாள்.

"தம்பி, நானும் இங்கனதான் இருக்கேன். எம் மூஞ்சியையும் ரெண்டு எடத்துல நல்லாத் தெளிவா எடுங்க."