பின்னாடி நிக்காதய்யா

லாடக்காரருக்கு வாய் கொஞ்சம் நீளம். குதிரைக் கால்கள் எல்லாம் அவர் கைக்கு அடங்கும். அவர் வாய்க்குத்தான் ஒருத்தரும் அடங்கியதில்லை. எதிர்வீட்டு லாரி டிரைவரோடு தண்ணீர்க் குழாய் விஷயத்தில் தகராறு. பக்கத்து மரப்பட்டறைக்காரரிடம், "உன் மெஷின் சத்தத்துல என் குதிரைக்குப் பைத்தியம் பிடிக்கப்போகுது, உனக்கு ஏற்கெனவே பிடிச்சாச்சு" என்று சொல்லிவிட்டு வந்தவர். வீட்டுக்காரி இருந்தவரை, இவர் கிழித்துவைத்ததை எல்லாம் அவள் பின்னாலேயே போய்த் தைத்துக்கொண்டிருந்தாள். போன வருஷம் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். கிழிந்தது கிழிந்தபடியே கிடக்கிறது.

அன்றைக்குக் காலையில் கொட்டகைக்குப் போனால், அவருடைய குதிரை சீமாட்டி, போட்ட தீனியில் வாயே வைக்கவில்லை. திரும்பித் திரும்பித் தன் வயிற்றைப் பார்த்தது. முன்னங்காலால் தரையைப் பிறாண்டியது. மேலெல்லாம் வியர்வை. குதிரைக்கு வயிற்றுவலி என்றால் சும்மா இல்லை. குடல் முறுக்கிக்கொண்டால் உயிரையே குடித்துவிடும்.

மாட்டாஸ்பத்திரி டாக்டருக்குப் போன் போட்டார்.

"நான் இப்ப நகர முடியாது, இங்க ஒரு ஆபரேஷன் ஓடிட்டிருக்கு. நீங்க கொண்டு வந்துடுங்க. படுக்க விடாதீங்க. வாய்ல ஒண்ணும் போடாதீங்க, கேரட்கூட வேணாம். லேட் பண்ணினா என்கிட்ட வந்தும் பிரயோஜனம் இல்ல."

கொண்டு வந்துடுங்களாம்! டாக்டர் பாட்டுக்குச் சொல்லிவிட்டார். டிரெய்லர் என்றாலே சீமாட்டிக்கு உயிர் போகும். அதனாலேயே சவாரிப் பள்ளிக்காரர்கள் வேண்டாம் என்று தள்ளிவிட்ட குதிரை அது. வீட்டுக்காரிதான் கூட்டிக்கொண்டு வந்தாள். "நடையைப் பாருய்யா, சீமாட்டி மாதிரி" என்று பேரையும் வைத்தாள். அவள் ஏற்றினால் மட்டும் ஏறும். அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால், ஏறின குதிரை திரும்ப இறங்காமல் பின்கம்பியைப் போட லாடக்காரர் பின்னால். தங்கமே, கண்ணே, என் ராசாத்தி என்று அவள் கொஞ்சிக்கொண்டே போவாள். இதுவும் கூடவே போகும். அந்தக் கொஞ்சலுக்குத்தான் மயங்குகிறது என்று லாடக்காரர் இத்தனை வருஷமும் நம்பியிருந்தார்.

ஜீப்பை டிரெய்லரோடு முற்றத்துக்குக் கொண்டுவந்து, சாய்வுப் பலகையை இறக்கினார். பிடித்து நடத்தினார். முன்னங்கால் இரண்டையும் பலகையில் வைத்தது. பலகை 'டொம்' என்றதும், அவ்வளவுதான், நெருப்பை மிதித்த மாதிரி பின்வாங்கிவிட்டது. மறுபடி. மறுபடியும் அதே கதை. ஒரு தரம் எப்படியோ முழுசாக உள்ளே ஏறியது. ஆனால் இவர் கயிற்றோடு முன்னால் நிற்கிறார், கம்பியோ பின்னால் இருக்கிறது. ஓடிப்போய்ப் போடுவதற்குள் அது வெளியே வந்து நின்றது. ஒரே ஆள் எத்தனை இடத்தில்தான் நிற்பான்?

நீளக் கயிற்றை உள்ளே இருந்த வளையத்தில் கோத்து வெளியிலிருந்து இழுத்துப் பார்த்தார். செய்யக்கூடாத வேலை என்று அவருக்கே தெரியும். சீமாட்டி இரண்டு காலில் எழும்பியது. கயிறு அவர் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு போனது.

சரி, கொஞ்சிப் பார்ப்போம் என்று நினைத்தார்.

"வாடி... தங்கம்" என்றார். சம்மட்டி அடிக்கிற வாயிலிருந்து வந்த தங்கம். குதிரை காதை மடக்கிக்கொண்டது.

மரப்பட்டறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நாலு எட்டு வைத்துப் போய் ஒரு வார்த்தை கேட்டால் அந்த மனுஷன் வருவான், வராமலும் போவான். வாசல்வரை போனார் லாடக்காரர். என்ன சொல்லிக் கூப்பிடுவது? அண்ணே என்றா, தம்பி என்றா? அவருக்கு அந்த முதல் வார்த்தை கிடைக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் சீமாட்டியின் முன்முழங்கால்கள் மடிந்துகொண்டிருந்தன. படுக்கப் போகிறது!

ஓடிவந்து கயிற்றைச் சுண்டி எழுப்பினார். மறுபடியும் பலகைக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, பின்னால் போய்த் தொடையில் கை வைத்துத் தள்ளினார். மலையைத் தள்ளுகிற கதை. குதிரை நடுங்கியது, ஒரு அங்குலம் நகரவில்லை. அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோபம் வேறு. யார் மேல் என்று தெரியாத கோபம் கடைசியில் தன் மேலேயே திரும்பியது. தன்னையும் அறியாமல், வீட்டுக்காரி கத்துகிற அதே கத்தலாகக் கத்தினார்:

"யோவ்! எருமை மாதிரி பின்னாடியே நிக்காதய்யா! தள்ளிப் போ!"

சீமாட்டியின் காது இரண்டும் விறைத்து நின்றன.

லாடக்காரருக்கு அப்போதுதான் பொறி தட்டியது. அட மடப்பயலே! இத்தனை வருஷமும் அவள் குதிரையை எவ்வளவு கொஞ்சினாலும் கடைசியில் இவரைத் திட்டாமல் ஏற்றினதில்லையே. கம்பியைப் போடுகிறேன் பேர்வழி என்று இவர் ஒட்டிக்கொண்டு நிற்பார். குதிரைக்கோ, தன் பின்னால் ஆள் நின்றால் ஆகாது. அவள் திட்டுவாள், இவர் முணுமுணுத்துக்கொண்டே நகருவார், குதிரை ஏறும். கொஞ்சல் எல்லாம் சும்மா. அதன் காதில் விழுந்தது இந்தத் திட்டு ஒன்றுதான். பயப்படாதே, அந்த ஆள் நகர்ந்துவிட்டான், போகலாம் என்று அது அர்த்தம் பண்ணிக்கொண்டிருக்கிறது.

கயிற்றை அதன் கழுத்தின்மேல் போட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எருமை மாதிரி பின்னாடியே நிக்காதய்யா! தள்ளிப் போ!" என்று தன்னைத்தானே உரக்கத் திட்டிக்கொண்டு, சொன்ன சொல் கேட்டு ஒதுங்கியும் நின்றார்.

டொம், டொம் என்று பலகை அதிர சீமாட்டி தானாக ஏறிப்போனது. பின்னாலேயே கம்பியைப் போட்டுப் பலகையைத் தூக்கிப் பூட்டினார். தலைக்கயிற்றைக் கட்ட முன்பக்கச் சின்னக் கதவைத் திறந்தபோது அது அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தது. குரல் கேட்டதே, ஆளைக் காணோமே என்று தேடியது.

"அவ வரலடி," என்றார் லாடக்காரர். "அவ இல்ல. நான்தான் கத்தினேன்."

வீட்டுக்காரி போனதிலிருந்து 'அவள் இல்லை' என்று அவர் ஒருத்தரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. துக்கம் கேட்க வந்தவர்களைக்கூட முறைத்தே அனுப்பியவர். இப்போது குதிரையின் நெற்றியில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அதற்கும் ரொம்ப நேரம் இல்லை, வண்டியை எடுக்க வேண்டியிருந்தது.

டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட்டு, ஊசி போட்டு, சாயங்காலம் சீமாட்டி சாணி போட்டதைப் பார்த்த பிறகுதான் சிரித்தார். "நல்ல நேரத்துல கொண்டு வந்துட்டீங்க. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா குடல் முறுக்கியிருக்கும்." திரும்ப ஏற்றும்போது கம்பவுண்டர் கைகொடுக்க வந்தார். "வேணாங்க, நீங்க உள்ள போங்க" என்று அவரை அனுப்பிவிட்டு, அக்கம்பக்கம் ஒருத்தரும் இல்லை என்று பார்த்துக்கொண்டுதான் லாடக்காரர் தன்னைத் திட்டிக்கொண்டார்.

வீட்டு முற்றத்தில் வண்டியை நிறுத்தும்போது வெளியூரில் இருக்கும் மகள் போனில் வந்தாள்.

"காலையிலேர்ந்து அடிக்கிறேன், எங்கப்பா போனீங்க?"

நடந்ததைச் சொன்னார்.

"தனியாவா ஏத்துனீங்க? அது உங்களுக்கு ஏறாதே!"

"உங்கம்மா என்னைத் திட்டுவாளே, அதச் சொன்னேன். ஏறிடுச்சு."

மகள் சிரித்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்: "அம்மா சொல்ற மாதிரியே சொல்லுங்கப்பா. ஒரே ஒரு தடவை."

"போடி, வேற வேலை இல்ல."

"அப்பா."

வெளியே கேட்காமல் இருக்க லாடக்காரர் ஜீப் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "யோவ்," என்று ஆரம்பித்தார். "எருமை மாதிரி பின்னாடியே நிக்காதய்யா. தள்ளிப் போ."

பின்னால், பூட்டிய டிரெய்லருக்குள், இனிப் போக இடமே இல்லாத அந்த இடத்தில், சீமாட்டி முன்பக்கமாக ஒரு எட்டு எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது.