சீலன் அண்ணாவின் வாக்கு

சுவரொட்டி ஒட்டக் கோதுமை மாவில் காய்ச்சிய பசை மழையில் நனைந்து புளிக்கும்போது ஒரு வாசம் எழும்; இன்றைக்கும் அது எங்கிருந்தாவது வந்தால் என் தலை தானாகக் குனியும். போர் முடிந்து, முகாமிலிருந்து கிளிநொச்சிக்கு நாங்கள் திரும்பி வந்த காலத்தில் எங்கள் தெரு வீடுகளுக்குக் கூரையில்லை, கதவில்லை, சிலவற்றுக்கு ஒரு சுவர்தான் மிச்சம். ஆனால் ஒருநாள் விடிந்து பார்த்தால் அந்தச் சுவர்கள் எல்லாவற்றிலும் வேட்பாளர்கள் சிரித்துக்கொண்டு நின்றார்கள். உரியவர்கள் வந்து சேருமுன்பே அந்த வீடுகளில் குடியேறிவிட்டவர்கள் அவர்கள்தான். யன்னல் இருந்த ஓட்டைக்குப் பக்கத்தில் ஒட்டிய முகம் உள்ளேயிருந்து எட்டிப் பார்ப்பதுபோல இருக்கும், மழை பெய்தால் கண்ணுக்குக் கீழே மை கரைந்து வழியும். பள்ளிக்கூடம் போகும்போது நான் தலையைக் குனிந்துகொண்டே அந்த இடத்தைக் கடப்பேன்.

டவுனில் சைக்கிள் திருத்திக்கொண்டிருந்த என் அப்பாவுக்கு எங்கள் தொகுதியின் தேர்தல் வரலாறு முழுவதும் வாய்ப்பாடம். குளத்துத் தண்ணீரை நம்பிக் குடியேறிய சனம் வண்டில் கட்டிக்கொண்டு வாக்குப் போடப் போன காலம், பிறகு வாக்கே வேண்டாமென்று வீட்டுக்குள் இருந்த காலம், பிறகு டவுனே வெறிச்சுப்போய்க் கிடக்க, தொகுதியின் பெயரில் எங்கேயோ தூரத்தில் பெட்டி வைத்து யாரோ வெற்றி பெற்ற காலம் என்று, சைக்கிள் ரியூப்பைத் தண்ணீருக்குள் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டே சொல்லுவார். கடைசியில் எப்போதும் ஒரே பகிடிதான். "எங்கட தொகுதியில செத்தவைதான் முதல் வரிசை. உயிரோட இருக்கிறவை பின்னால நிண்டு போடவேணும்." "கள்ள வோட்டு" என்ற சொல்லை நான் கற்றுக்கொண்டது அப்படித்தான். கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன்.

பெரியம்மா மட்டும் சிரிக்கமாட்டார். அம்மாவின் தமக்கையான அவர் எங்கள் தகரக் கொட்டிலுக்குப் பக்கத்தில் இன்னொரு கொட்டிலில் தனியாக இருந்தார். அவருடைய ஒரே மகன் சீலன் அண்ணா, போரின் கடைசி நாட்களில் முல்லைத்தீவுக் கடற்கரையோரம் கஞ்சி வாங்க வாளியோடு வரிசைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. வாளியையும் யாரும் காணவில்லை, ஆளையும் யாரும் காணவில்லை. வாக்காளர் பதிவுக்கு வருகிற கிராம அலுவலர், எங்கள் விதானையார், ஒவ்வொரு முறையும் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்குவார். "அக்கா, தம்பியின்ர பேரை என்ன செய்ய?" பெரியம்மா அவரைப் பிழை விட்ட மாணவனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். "என்ன செய்யிறது? இருக்கட்டும். அவன் வெளியில போயிருக்கிறான்." எங்கள் பக்கத்தில் இப்படிப் பெயரை வெட்டவிடாத வீடுகள் இன்னும் இருந்தன. அதனால் தேர்தல் வந்தால் பெரியம்மாவின் கொட்டிலுக்கு இரண்டு வாக்காளர் அட்டைகள் வரும். இரண்டையும் அவர் ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு வைப்பார்.

அந்தத் தேர்தல் நாளில் வெயில் மண்டையைப் பிளந்தது. எங்கள் பள்ளிக்கூடம்தான் வாக்களிப்பு நிலையம். குடை பிடிக்கவென்று என்னையும் பெரியம்மா கூட்டிக்கொண்டு போனார். நான் படிக்கிற அதே வகுப்பறைதான், ஆனாலும் அங்கே கால் வைக்கக் கூசியது. கரும்பலகையில் எங்கள் கணக்கு பாதி அழிந்து கிடந்தது. நாங்கள் இருந்து படிக்கிற வாங்குகளைச் சுவரோடு ஒதுக்கிவிட்டு, மூலையில் காட்போட் மட்டையால் ஒரு சின்ன அறை மறைத்திருந்தார்கள். எல்லோரும் வருத்தக்காரர் படுத்திருக்கிற வீட்டில் பேசுவதுபோல மெதுவாகப் பேசினார்கள். மேசையில் இருந்த எழுதுவினைஞர் மட்டும் பெயர்களை உரத்து வாசித்தார். எங்கள் சனத்துக்குப் பெயர் கூப்பிடுவது பழகிப்போன விசயம், முகாமில் எல்லாவற்றுக்கும் பெயர்தான் கூப்பிடுவார்கள். இருந்தாலும் ஒவ்வொரு பெயருக்கும் வரிசை முழுதும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தது.

பெரியம்மா பையைப் பிரித்து அட்டையை நீட்டினார். அவசரத்தில் மேலே இருந்ததை எடுத்துவிட்டார், அது சீலன் அண்ணாவுடையது. எழுதுவினைஞர் பெயரை வாசித்தார். அடிமட்டத்தை நகர்த்திக்கொண்டு வாக்காளர் இடாப்பில் கீழே இறங்கியவர், ஓரிடத்தில் நின்றார்.

"இந்த ஆள் விடியக் காலமையே வந்து போட்டிட்டாரே, அம்மா."

கட்சிகளின் ஆட்களாக வாங்கில் இருந்தவர்களில் ஒருவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார், மற்றவர்கள் தங்கள் தாள்களைப் பார்த்தார்கள். அந்த அறையில் இருந்த பெரியவர்கள் எல்லோருக்கும் என்ன நடந்திருக்கும் என்று அந்தக் கணமே தெரிந்துவிட்டது. அப்பாவின் பகிடி எனக்கும் ஞாபகம் வந்தது, ஆனால் சிரிப்பு வரவில்லை. பெரியம்மா அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"காட் என்னட்டையெல்லோ இருக்கு?" என்றார்.

"காட் இல்லாட்டியும் போடலாம் அம்மா. அடையாள அட்டை, ஐசி இருந்தால் காணும்."

பெரியம்மாவின் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. "ஓம் ஓம்," என்றார். "ஐசி அவன்ர சேட்டுப் பொக்கெற்றிலதான் இருந்தது." பிறகு மேசையில் குனிந்து, வேறு யாருக்கும் கேட்கக்கூடாத குரலில் கேட்டார். "மெலிஞ்சிருந்தானோ, தம்பி?"

எழுதுவினைஞர் ஒரு இளம் பெடியன். அவனுடைய உதடு காய்ந்துபோயிருந்தது இப்போதும் எனக்குத் தெரிகிறது. பயத்தில் சொன்னானோ, இரக்கத்தில் சொன்னானோ, இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

"ஓம் அம்மா. கொஞ்சம் மெலிவுதான்."

அன்று பின்னேரம் பெரியம்மா முற்றத்தைக் கூட்டித் தண்ணி தெளித்து, இரணைமடுக் குளத்து மீன் வாங்கிக் குழம்பு வைத்து, புட்டவித்து, இரண்டு கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தார். "காலமை வந்தவன் இந்தப் பக்கம் வராமல் போயிருக்கிறான், வழியில ஆமிக்காரர் ஆரும் நிண்டிருப்பினம்," என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா குசினிப் புகையைச் சாட்டி அழுதார். அப்பா கொட்டில் வாசல்வரை போய், அந்த இரண்டு கோப்பைகளையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு அந்தப் பகிடியை அவர் கடையில்கூடச் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. சீலன் அண்ணா வராமல் இருப்பதைவிட, மெலிந்த யாரோ ஒருவர் அவருடைய பெயரோடு எங்கள் டவுனுக்குள் நடந்து திரிகிறார் என்பது எனக்குக் கூடிய பயம். வகுப்பில் அந்த மேசை இருந்த இடத்தில் கனநாளாக நான் போய் இருக்கவேயில்லை.

அதன்பின் எத்தனையோ தேர்தல்கள் வந்துபோயின. மாகாண சபைக்கு நடத்தினார்கள், பிறகு அதை நடத்தாமலே விட்டார்கள். சனத்துக்கு அது பெரிய கவலையாக இருந்ததாகத் தெரியவில்லை. தேர்தல் எப்போது வரும் என்று உண்மையாகவே ஏங்குகிற ஒரே ஆள் எங்கள் தெருவில் பெரியம்மாதான். வருகிற ஒவ்வொரு தேர்தலுக்கும் இரண்டு அட்டைகளோடு போவார், தன் வாக்கைப் போட்டபின் மற்றதை நீட்டி, அவன் வந்தானோ என்று கேட்பார். வாக்குப் போட்டவர்களின் பெயரை இடாப்பில் கீறிவிடுவார்கள், ஒவ்வொரு முறையும் சீலன் அண்ணாவின் பெயர் கீறுபடாமல் வெள்ளையாகவே இருக்கும்.

போன தேர்தலுக்கும் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். இப்போது வேட்பாளர்கள் கைபேசிக்குள் சிரிக்கிறார்கள். பசை வாசம் இல்லை. கூரையில்லாத வீடுகளும் இல்லை, அந்த இடங்களில் கடைகள் எழும்பிவிட்டன. அப்பாவும் இல்லை. அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, முகத்தையும் ஒருமுறை பார்த்து, விரலில் பழைய மை இருக்கிறதா என்று தேடிய பிறகுதான் வாக்குச் சீட்டைக் கொடுக்கிறார்கள். மேசையில் இருந்த பிள்ளை சீலன் அண்ணாவின் அட்டையை வாங்கிப் பார்த்து, "இல்லை அம்மா, இவர் இன்னும் வரேல்லை," என்று மரியாதையாகச் சொன்னாள். எங்கள் தொகுதியில் கள்ள வாக்கு ஒழிந்துவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கும் அதில் சந்தோசம்தான்.

வாக்களிப்பு முடியும்வரை பெரியம்மா வாசல் வேம்பின் கீழ்க் கதிரை போட்டு இருந்தார். பெட்டிக்கு முத்திரை வைத்து வாகனத்தில் ஏற்றியதையும் பார்த்தார். பிறகு அந்த அட்டையைப் பொலித்தீன் பைக்குள் பத்திரமாகச் செருகிக்கொண்டு, என் கையைப் பிடித்து எழும்பினார்.

"முந்தின மாதிரி இல்லைப் பிள்ளை," என்றார். "இப்ப கடும் செக்கிங். அவன் எப்பிடி வாறது?"