நான் பார்க்காத குமிழிகள்

நான்கு வருடங்களுக்கு முந்தைய பங்குனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். தூத்துக்குடியில் எங்கள் வீட்டு வாசலில் தொடங்கியது இது. உப்பளத்து வெயில் தெருவுக்குள் வந்து அசையாமல் நின்றிருந்த நேரம்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் நான் செய்த தவறு புரியும். பகலில் எனக்குத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை. எந்தக் கன்டெய்னரில் என்ன இருக்கிறது, அது எந்த ஊருக்குப் போகிறது என்று தாள்களை நிரப்பிக்கொண்டிருப்பேன். மாலையில் வசன கவிதை எழுதுவேன். இரண்டு தொகுப்புகள் வந்திருக்கின்றன. வாங்கியவர்கள் அத்தனை பேரையும் எனக்கு நேரில் தெரியும், அவ்வளவுதான் என் புகழ். நாற்பத்தாறு வயதிலும் ஒரே இடத்தில் ஊன்றி நிற்காத மனசு எனக்கு. ஒரு வரி முடிவதற்குள் அடுத்த வரிக்குத் தாவிவிடும். வெளியூர்ப் பதிப்பகம் ஒன்று காமிக்ஸ் மொழிபெயர்க்க முடியுமா என்று கேட்டபோது, யோசிக்கக்கூட இல்லை, சரி என்றேன்.

அது டீவியில் ஓடிக்கொண்டிருந்த சூப்பர் ஹீரோ கார்ட்டூன். அந்தக் கதைகளையே படக்கதையாக வரைந்து மாதம் ஒரு புத்தகமாக வெளியிட்டார்கள். நாயகி ஒரு பெண். காற்றுதான் அவள் பலம். காற்றின் மேலேறிப் பறப்பாள், ஊதியே லாரியைப் புரட்டுவாள். தண்ணீருக்குள் மட்டும் அவள் சக்தி செல்லுபடியாகாது. அங்கே அவளும் நம்மைப் போல முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, குழாயை வாயில் கவ்விக்கொண்டுதான் இறங்க வேண்டும். நான்காவது புத்தகத்தில் அப்படி இறங்கி, கடலடியில் மாட்டிக்கொண்ட தோழியை மேலே கூட்டி வருவாள்.

காமிக்ஸில் வசனம் எழுதுகிற இடத்தைப் பலூன் என்பார்கள். அதற்குள்தான் எழுத வேண்டும், ஓர் எழுத்து கூடினாலும் வெளியே பிதுங்கிவிடும். ஆங்கிலத்தில் ஆறு சொல் உட்கார்ந்திருக்கும் இடத்தில் தமிழ் மூன்று சொல்லோடு மூச்சு முட்டி நிற்கும். கடலடிக் காட்சியில், நாயகி தோழிக்குச் சொல்வதாக ஒரு சின்ன பலூன். மேலே போய்ச் சேரும்வரை மூச்சை வெளியே விட்டுக்கொண்டே இரு என்று ஆங்கிலத்தில் இருந்தது. எனக்கு வேடிக்கையாக இருந்தது. தண்ணீருக்குள் இருக்கிறவளைப் போய் யாராவது மூச்சை விடச் சொல்வார்களா? எழுதியவன் கடலையே பார்த்திருக்க மாட்டான் என்று முடிவு கட்டினேன். முத்துக்குளித்துறையில் பிறந்தவள் அல்லவா நான்! மூச்சை அடக்கி முங்கி முத்தெடுத்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவள். எங்கள் குடும்பத்தில் ஒருவர்கூட முங்கியதில்லை என்பது வேறு விஷயம்.

அவன் பிழையைத் திருத்துகிற பெருந்தன்மையோடு எழுதினேன்: ‘மூச்சை முத்தாய்ப் பொத்தி மேலே வா!’

பலூனில் கச்சிதமாக அடங்கியது. படித்துப் பார்த்தால் ஓசையும் நன்றாக இருந்தது. அலுவலகத்தில் மூன்று பேரிடம் சொல்லிக் காட்டினேன். புத்தகம் வந்ததும், அதை விற்கிற கடைக்கார அண்ணாச்சியிடம், “இது நான் எழுதினது அண்ணாச்சி” என்று அந்தப் பக்கத்தையே பிரித்துக் காட்டினேன். அவரும் பாவம், “முத்து மாதிரி இருக்கும்மா” என்றார்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. வசனங்கள் ஒரு மெயிலில் வந்தன, படங்கள் இன்னொரு மெயிலில் வந்தன. நான் படங்களைத் திறக்கவே இல்லை. சொற்கள் கையில் இருக்கும்போது படம் எதற்கு என்று இருந்துவிட்டேன்.

அந்த ஞாயிறு கதவைத் தட்டியவருக்கு நாற்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, காலையில் சர்ச் பூசைக்குப் போட்டதாக இருக்கும். பக்கத்தில் பன்னிரண்டு வயதுப் பெண். அவள் தலைமுடியில் உப்பு காய்ந்து வெள்ளை படிந்திருந்தது. அவர் கையில் பிளாஸ்டிக் பைக்குள் சுருட்டிய நான்காவது புத்தகம்.

“அக்கா, இந்தப் புக்கு எழுதினது நீங்கதானா? கடைக்கார அண்ணாச்சிதான் வீட்டச் சொன்னாவ.”

ஆமாம் என்றேன். கை தானாகவே மேசைப் பேனாவை எடுத்துவிட்டது. அவர் அதைப் பார்த்தார்.

“கையெழுத்துக்கு வரலக்கா. ஒரு சந்தேகம். ஏளா, அந்தப் பக்கத்த எடு.”

மகள் எடுத்தாள். என் முத்து வரி இருக்கும் பக்கம். நல்ல ரசிகர் கிடைத்தார் என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

“நா சங்கு குளிக்கேன்க்கா. பதினெட்டு வருசமா கம்ப்ரசர் ஓஸ்லதான் முங்குதேன்.”

இங்கே இப்போது அப்படித்தான். படகில் காற்றடிக்கிற கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து நீளமான ஓஸ் குழாய் கடலுக்குள் போகும். அதன் முனையைக் கவ்விக்கொண்டு, அதில் வருகிற காற்றைச் சுவாசித்துக்கொண்டே அடியில் சங்கு பொறுக்குவார்கள். மூச்சடக்கி முங்குவதெல்லாம் என் கவிதையில்தான் மிச்சம்.

“வாயில ஓஸக் கவ்விக்கிட்டு இவ எப்படிப் பேசுதான்னு நா கேக்கல. அது கதை. படம் போட்டவன் குமிழி போட்டிருக்கான், பாத்தியளா? ஏறயில வாயோரம் பூரா குமிழி. மூச்ச விட்டுக்கிட்டே ஏறுதா. படம் சரி. எழுத்துல மட்டும் பொத்திக்கிட்டு வான்னு இருக்கு. எது நெசம்?”

குமிழிகளை அப்போதுதான் பார்த்தேன். பெரிதும் சிறிதுமாகப் பக்கம் முழுவதும் மேலேறிக்கொண்டிருந்தன. அவற்றின் நடுவே என் வரி உட்கார்ந்திருந்தது.

தவறை உடனே ஒத்துக்கொண்டேன் என்று எழுதத்தான் ஆசை. நடந்தது அதுவல்ல.

“இது சூப்பர் ஹீரோ கதைங்க. அவ பறக்கவும்தான் செய்யுதா. அதுக்காகப் புள்ளைங்க மாடியில இருந்து குதிக்குதா?” என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. “பறக்கத எம் புள்ள நம்பாதுக்கா. எங்க குடும்பத்துல யாரும் பறக்கல. முங்குதத நம்பும். அவ அப்பன் தெனம் முங்குதாம்லா” என்றார்.

பிறகு காலையில் நடந்ததைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் தொழிலுக்குப் போவதில்லை. மகள் ஒரு வருடமாக நச்சரித்துக்கொண்டிருந்ததால், பூசை முடிந்ததும் படகில் கூட்டிப் போயிருக்கிறார். கரைக்குப் பக்கத்தில், இரண்டு ஆள் ஆழத்தில், ஓஸைக் கவ்வக் கொடுத்து, தானும் கூடவே இறங்கியிருக்கிறார். மேலே வரும்போது எப்படி வர வேண்டும் என்று இறங்குமுன் நான்கு தடவை சொல்லியிருக்கிறார். பாதி வழியில் திரும்பிப் பார்த்தால், மகளின் கன்னம் இரண்டும் உப்பியிருக்கின்றன. வாய் இறுக்கி மூடியிருக்கிறது. ஒரு குமிழிகூட இல்லை.

“வயித்துல ஒரு குத்து விட்டேன். காத்து பூரா வெளிய வந்துட்டு. இல்லன்னா இப்ப உங்க வீட்டுக்கு வந்திருக்க மாட்டேன். ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருக்கணும், இல்ல அதுக்கும் மேல.”

“இன்னும் வலிக்கி” என்றாள் மகள்.

“வலிக்கட்டும்.”

அடியில் அழுத்தத்தோடு உள்ளே போன காற்று, மேலே வர வரப் பெருத்துக்கொண்டே போகுமாம். வெளியே விடாமல் பொத்தி வைத்தால் நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே வெடிக்குமாம். அவரோடு தொழில் பார்த்த ஒருவர் அப்படித்தான் போனார், ஆழம்கூட அதிகமில்லை என்றார். அதைச் சொல்லும்போது மகளின் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

நான் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். “அப்பாதான் சொன்னாங்கல்ல, பிறகு ஏம்மா?”

“அச்சுல இருந்துச்சே” என்றாள். “டீவில அவ கைய மட்டுந்தான் ஆட்டுவா. என்ன சொல்லுதான்னு தெரியாது. புக்குலதான் தெரிஞ்சிது.”

கார்ட்டூனில் சைகையாக இருந்ததைப் புத்தகத்தில் சொல்லாக்கியிருந்தார்கள். அந்தச் சொல்லுக்காக அவள் காத்திருந்து புத்தகம் வாங்கியிருக்கிறாள். நான் கொடுத்தது முத்து.

அவர் தரையைப் பார்த்தபடி, “நா அஞ்சாப்புக்கா. புக்கு எழுதுதவங்க பெரிய படிப்பு. அவ யார நம்புவா?” என்றார். குறையாகச் சொல்லவில்லை. விவரமாகத்தான் சொன்னார். அன்று எனக்கு விழுந்த குத்து அது.

பிறகு, வந்த காரியத்தைச் சொன்னார். “பரீட்ச முடிஞ்சி லீவு விட்டா புள்ளைய பூரா கரையிலதான் கெடக்கும். எவன் படகுலயாவது ஓஸ் கெடந்தா கவ்விப் பாக்கும். எங்க தெருவுல மட்டும் பதினோரு புக்கு இருக்கு. அத மாத்திக் குடுங்கக்கா. தப்பு எம் மேலயும் இருக்கு. அவளக் கூட்டிப் போயிருக்கக் கூடாது. ஆனா புக்கு உங்க மேல இருக்கு.”

திங்கட்கிழமை காலை பதிப்பகத்துக்குப் போன் செய்தேன். அங்கிருந்தவர் முதலில் சிரித்தார். “சூப்பர் ஹீரோவுக்குத் திருத்தமா மேடம்?” என்றார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும், அடுத்த புத்தகத்தில் ஒரு வரி போட்டுவிடலாம் என்றார். அடுத்த புத்தகம் வருவதற்குள் லீவு பாதி முடிந்துவிடும்.

பலூன் அளவுக்கு ஸ்டிக்கர் அடித்து மேலே ஒட்டிவிடுவது என்று நானே முடிவு செய்தேன். அன்று மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்கச் சரியான வரியை அந்த இடத்துக்குள் அடைக்கப் பார்த்தேன். ‘மூச்சை வெளியே விட்டபடியே மேலே வா’ பிதுங்கியது. ‘மூச்சைவிட்டு வா’ என்றால் செத்துப்போ என்பதுபோல் இருந்தது. கடைசியில், நம்பர் கொடுத்துவிட்டுப் போயிருந்த அந்தச் சங்கு குளிப்பவருக்கே போன் போட்டேன். “மககிட்ட நீங்க என்ன வார்த்தை சொன்னீங்க?”

“ஊதிக்கிட்டே ஏறுன்னேன்.”

இரண்டே சொல். பலூனில் இடம் மீந்தது.

அடுத்த ஞாயிறு காலை அந்தக் கடற்கரைத் தெருவுக்குப் போனேன். அவர் மகள் பிள்ளைகளையெல்லாம் புத்தகத்தோடு படகு கட்டும் பாலத்துப் பக்கம் வரச் சொல்லியிருந்தாள். ஸ்டிக்கர் என்றதும் ஒரே கலவரம். பிரவுன் அட்டை போட்டுப் பாதுகாத்து வைத்திருந்த ஒரு குட்டிப் பெண் புத்தகத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

“ஒட்டுனா புக்கு கெட்டுப்போவும். வேற புக்குத் தாங்க.”

“இதுல தப்பா இருக்கும்மா.”

“அவ தப்பாச் சொல்ல மாட்டா!”

“அவ சொல்லல. நான்தான் சொன்னேன். அவ சரியாத்தான் சொன்னா, நான் மாத்தி எழுதிட்டேன்” என்றேன்.

பத்துப் பன்னிரண்டு ஜோடிக் கண்கள் என்னைப் பார்த்தன. அவர்களுடைய நாயகியின் வாயில் பொய்யைத் திணித்த பொம்பளை நான். எந்த விமர்சகரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

சங்கு குளிப்பவர் படகில் கம்ப்ரசரை ஓட விட்டார். இரண்டு பாலித்தீன் பைகளை எடுத்துக்கொண்டு ஓஸோடு முங்கினார். சற்று நேரத்தில், அடியில் ஓஸ் காற்றை நிரப்பி வாயைக் கட்டிய பை ஒன்று விறைப்பாக மேலேறி வந்தது. தண்ணீர் மட்டத்துக்கு வருவதற்குள் டப்பென்று கிழிந்து, வெறும் தோலாக மிதந்தது. அடுத்த பையிலும் காற்றை நிரப்பி, அதன் வாயைக் கட்டாமல், கீழ்நோக்கிப் பிடித்தபடி அவரே ஏறி வந்தார். அதன் வாயோரம் முழுக்கக் குமிழி, புத்தகத்தில் வரைந்திருந்த அதே மாதிரி. பைக்கு ஒன்றும் ஆகவில்லை.

“பாத்தியளா? இம்புட்டுத்தான்” என்றார், முகத்துத் தண்ணீரை வழித்துக்கொண்டே.

முதலில் அவர் மகள்தான் தன் புத்தகத்தை நீட்டினாள். ஸ்டிக்கரை என்னிடமிருந்து வாங்கி, தானே வைத்து, கட்டை விரலால் அழுத்தித் தேய்த்தாள். பிரவுன் அட்டைக்காரி கடைசியாக வந்தாள். “கோணாம ஒட்டுங்க” என்று எச்சரித்தாள். பலூன் ஓரத்தோடு ஓரம் பொருத்திப் பார்த்துத்தான் ஒட்டினேன்.

எண்ணிப் பார்த்தால் பத்துப் புத்தகம்தான். பதினோராவது, ஒரு பிள்ளை தன் அத்தை மகளுக்குப் படிக்கக் கொடுத்ததாம். அவள் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள். எந்த ஊர் என்று கேட்டேன். “அதுவும் கடக்கர ஊருதான்” என்றார்கள். சொல்லி அனுப்புவதாக அவர் சொன்னார், அனுப்பியும் இருப்பார். ஒட்டியதாக எனக்குத் தகவல் வரவில்லை. எங்கள் ஊர்க் கடைகளில் மிச்சமிருந்தவற்றில் அந்த வாரமே ஒட்டி முடித்தேன். அண்ணாச்சி என்னைப் பார்த்து, “முத்த மறைக்கியளாம்மா?” என்று கேட்டார். ஆமாம் அண்ணாச்சி என்றேன். மற்ற ஊர்களுக்குப் போன புத்தகங்களை நான் எங்கே போய்த் தேட?

இப்போதும் அந்தத் தொடரை மொழிபெயர்க்கிறேன். படங்கள் வரும் மெயிலைத்தான் முதலில் திறக்கிறேன். எனக்குப் புரியாத வரி வந்தால் அதை எழுதியவனை முட்டாள் என்று நினைப்பதில்லை, அந்த வேலை தெரிந்தவர் யாராவது கிடைப்பாரா என்று பார்க்கிறேன். அவர் மகளைப் போன வருடம் பஸ்ஸில் பார்த்தேன், நன்றாக வளர்ந்துவிட்டாள். இன்னும் படிக்கிறாயா என்று கேட்டேன். “படிக்கேன். ஆனா மொதல்ல அப்பாட்ட காட்டிருவேன்” என்றாள். சந்தோஷமாகத்தான் இருந்தது.

என் எழுத்தை நாலு பேர் நம்ப வேண்டும் என்று இருபது வருடமாக ஆசைப்பட்டவள் நான். இன்றைக்கு, எங்கோ ஒரு கடற்கரை வீட்டில் ஸ்டிக்கர் ஒட்டாமல் கிடக்கும் அந்த ஒரு வரியை மட்டும் எந்தப் பிள்ளையும் நம்பிவிடக் கூடாது என்று, லீவு நெருங்கும் ஒவ்வொரு பங்குனியிலும் வேண்டிக்கொள்கிறேன்.